அறவாரிய நிதி, நிறுவன நிதி: பீடோங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆய்வாளன் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிர்வாக அலுவலகத்தில் மற்றவர்களின் ஆய்வு நிதி விண்ணப்பங்களைச் சரிபார்த்தே 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு. சனிக்கிழமை காலையில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் சுங்கைப்பட்டாணி, கூலிம், செமிலிங் பக்கத்திலிருந்து இளம் விரிவுரையாளர்கள் கோப்போடு வந்துவிடுகிறார்கள். பாதிப்பேர் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், படித்து முனைவர் பட்டம் வரை போன பிள்ளைகள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை எழுதி வைக்கிறேன்.

அரசு மானியம் இருக்கும்போது அறவாரியங்களை ஏன் தேட வேண்டும்?

உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத்துக்கு நாடு முழுவதும் போட்டி. ஒரு முறை தவறினால் அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அறவாரியம் (யாயாசான், ஃபவுண்டேஷன்) தரும் பணம் பெரும்பாலும் சிறிய தொகை. ஆனால் அரசு மானியம் தொடத் தயங்கும் வேலைகளுக்கு அது கிடைக்கும்: முன்னோட்ட ஆய்வு, களப்பயணம், பழைய ஆவணங்களைப் படியெடுத்தல், இன்னும் முன்தரவு எதுவும் இல்லாத ஒரு துணிச்சலான யோசனை. சிறிய பணத்தில் கிடைக்கும் முதல் தரவுதான் பிறகு பெரிய மானியத்தின் வாசலைத் திறக்கும். ஆகவே இதை அரசு மானியத்துக்கு மாற்று என்று நினைக்காதீர்கள்.

அறவாரியமும் நிறுவனமும் ஒன்றுதானே? இரண்டும் பணம் உள்ள இடம்தானே?

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது புரியும். பட்டணத்துக்குக் குடிபோன ஒரு குடும்பம் தாத்தா பெயரில் ஒருநாள் உபயம் செய்யும். தாத்தா பெயர் வர வேண்டும், அன்றைய அன்னதானம் அவர் விரும்பியபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். லாரி வைத்திருந்த சீனத் தவுக்கே (கடை முதலாளி) ரத ஊர்வலத்துக்கு லாரி தருவார். அதில் அவர் கடைப் பெயர் எழுதிய பதாகை தொங்கும். தாத்தா உபயம் அறவாரியம். தவுக்கேயின் லாரி நிறுவனம். முன்னதற்கு ஒரு நோக்கம், பின்னதற்கு ஒரு தொழில்.

வசூலுக்குப் போகுமுன் எங்கள் தலைவர் முதலில் கேட்பது, "போன வருஷ நோட்டு எங்கே?" என்றுதான். யார் எதற்குக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று அதில் இருக்கும். அதைப் பார்க்காமல் போய், அன்னதானத்துக்கு மட்டுமே கொடுக்கும் கிராணியிடம் (தோட்ட எழுத்தர்) பந்தலுக்குக் கேட்டவன் வெறுங்கையோடு திரும்பினான். ஆய்வு நிதி தேடுவதும் அதே வேலைதான். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை மோசமான ஆய்வுகளால் வந்தவை அல்ல. நல்ல ஆய்வைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைத்ததால் வந்தவை.

அந்தப் போன வருஷ நோட்டு எங்கே கிடைக்கும்?

அமெரிக்கத் தனியார் அறவாரியங்களின் நோட்டு திறந்தே கிடக்கிறது. அங்கே ஒரு தனியார் அறவாரியம் 990-பி.எஃப் என்ற படிவத்தை ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தர வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தது என்ற முழுப் பட்டியலும் அதில் இருக்கும். புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் இலவசமாகப் படிக்கலாம். இன்னொன்று: அந்த அறவாரியங்கள் தம் சொத்தில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை ஒவ்வோர் ஆண்டும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கும் உண்டு என்று தெரிந்தால் நமக்குக் கூச்சம் கொஞ்சம் குறையும்.

இங்கிலாந்து என்றால் அறநிலைய ஆணையத்தின் பதிவேட்டில் கணக்கறிக்கைகள் கிடைக்கும். கிராண்ட்நாவ் என்ற இலவசத் தேடுதளத்தில் பல பிரிட்டிஷ் அறவாரியங்கள் கொடுத்த மானியங்களை ஒரே இடத்தில் தேடலாம். கேண்டிட் நிறுவனத்தின் அறவாரியத் தேடுதளம் கட்டணச் சேவை (ஃபவுண்டேஷன் சென்டரும் கைட்ஸ்டாரும் 2019இல் இணைந்து உருவானதே கேண்டிட்). பிவோட் என்ற தேடுதளமும் சந்தாதான். சொந்தக் காசைக் கட்டுமுன் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். சந்தா கட்டிவிட்டு யாரும் திறந்தே பார்க்காத தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் இவ்வளவு வசதி இல்லை. ஆனால் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் நிலைத்தன்மை அறிக்கையும் சேர்க்க வேண்டும் என்று புர்சா மலேசியா 2015இல் விதி கொண்டுவந்தது. அந்தப் பகுதியை மட்டும் புரட்டுங்கள். எந்தப் பள்ளிக்கு, எந்தக் காட்டுக்கு, எந்த நோய்க்குப் பணம் போயிற்று என்று படத்தோடு போட்டிருப்பார்கள். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக (பங்கு மூலதனம் இல்லாமல் உறுப்பினர் உத்தரவாதத்தில் நடப்பது) பதிவான அறவாரியத்தின் ஆவணங்களை நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்மில் சிறு கட்டணம் செலுத்தி வாங்கலாம்.

பட்டியல் கையில் வந்தபின் அதில் எதைப் பார்ப்பது?

நாலு விஷயம். தன் நாட்டுக்கு வெளியே கொடுத்திருக்கிறதா? தனி ஆளுக்கா, நிறுவனத்துக்கா? வழக்கமான தொகை எவ்வளவு? புதியவர்களுக்கும் கொடுக்கிறதா, அதே பத்துப் பேருக்குத்தான் சுற்றிச் சுற்றியா? எட்டாயிரம் கொடுத்துப் பழகிய இடத்தில் மூன்று லட்சம் கேட்டால், இவர் நம்மைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்க அறவாரியம் வெளிநாட்டுக்குக் கொடுக்கும்போது கூடுதல் காகித வேலை உண்டு. பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்க வேண்டும், அல்லது உங்கள் பல்கலைக்கழகம் அங்குள்ள அற நிறுவனத்துக்குச் சமமானது என்று உறுதி செய்ய வேண்டும். சின்ன அறவாரியங்கள் இதற்குப் பயந்தே வெளிநாட்டைத் தவிர்த்துவிடும். அது உங்கள் ஆய்வின் மேல் சொல்லப்பட்ட கருத்து அல்ல.

மலேசியாவுக்குள் எங்கே தொடங்கலாம்?

அறிவியல் என்றால் மலேசிய டோரே அறிவியல் அறவாரியம். 1993இல் தொடங்கியது, இளம் ஆய்வாளர்களுக்கு ஆய்வு மானியம் தருகிறது. பெண் விஞ்ஞானிகளுக்கு லோரியல்–யுனெஸ்கோ திட்டத்தின் மலேசியப் பிரிவு 2006 முதல் இருக்கிறது. அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவின் யாயாசான் ஹசானா சமூகம், கல்வி, சுற்றுச்சூழல், கலை பக்கம் சாயும். அங்கே ஆய்வுக் கட்டுரையைவிடக் களத்தில் நடக்கும் மாற்றமே பேசும். 1982இல் தொடங்கிய யாயாசான் சைம் டார்பி கல்விக்குப் பெயர் பெற்றது, ஆனால் சாபாவில் காடழிப்பின் விளைவுகளை ஆராயும் 'சேஃப்' என்ற நீண்ட ஆய்வுக்கு 3 கோடி ரிங்கிட் கொடுத்ததும் அதுதான். செம்பனையில் வந்த பணம் காட்டு ஆய்வுக்குப் போனதைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுப் பணம் உள்நாட்டிலேயே இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில்?

மருத்துவத்துக்கு வெல்கம் அறக்கட்டளை, 1936இலிருந்து இருக்கிறது. கேட்ஸ் அறவாரியத்தின் 'கிராண்ட் சேலஞ்சஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' 2008இல் வந்தபோது இரண்டே பக்க விண்ணப்பம், முன்தரவு தேவையில்லை, முதல் கட்டத்தில் ஒரு லட்சம் அமெரிக்க டாலர் என்று இருந்தது. என் மேசையில் அன்று கிடந்த விண்ணப்பங்களின் கனத்தை நினைத்தால் அந்த இரண்டு பக்கம் பெரிய அதிசயம். ஜப்பானின் டொயோட்டா அறவாரியமும், ஜப்பான் தொடர்பான சமூக அறிவியல், கலைப்புல ஆய்வுகளுக்கு உதவும் சுமித்தோமோ அறவாரியமும் நம் ஆட்கள் அதிகம் எட்டிப் பார்க்காத வாசல்கள்.

மானிடவியல் என்றால் 1941இல் தொடங்கிய வென்னர்-கிரென். எந்த நாட்டவரும் கேட்கலாம். மெர்போக் ஆற்றுச் சதுப்புக்காட்டில் ஓர் உயிரினத்தை ஆராய்பவர் என்றால் ரஃபோர்டு அறவாரியத்தின் சிறு மானியமும், ஓர் இனத்துக்கு 25,000 டாலர் வரை தரும் முகமது பின் சாயித் இனப்பாதுகாப்பு நிதியும் பொருந்தும். ரஃபோர்டு படிப்படியாக ஏறும் அமைப்பு: முதல் சிறு மானியத்தை ஒழுங்காக முடித்தால் அடுத்ததைக் கேட்கலாம். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

பாலிங்கில் பேசப்படும் கென்சியு மாதிரி அருகிவரும் மொழியைப் பதிவு செய்பவருக்கு அருகும் மொழிகள் ஆவணத் திட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் அர்க்கேடியா என்ற அறவாரியத்தின் நிதியில் 2004 முதல் நடப்பது அழியும் ஆவணங்கள் திட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு.

எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது ஆபீசில் இருந்த பழைய செக்ரோல் புத்தகங்களை (தொழிலாளர் வருகைப் பதிவேடுகள்) பின்னால் குழி வெட்டி எரித்தார்கள். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, யார் வந்தார், எத்தனை ராத்தல் ரப்பர் பால் எடுத்தார், யாருக்கு அரைநாள் கூலியாக அரைப் பேர் போட்டார்கள், எல்லாம் அதில் இருந்தது. எங்கள் பாட்டியின் பெயரும் இருந்திருக்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, எரிவதை வேடிக்கை பார்த்தேன். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட அப்படிப்பட்ட புத்தகம், கோயில் கணக்கு, பழைய தமிழ் இதழ் எங்காவது பீரோவில் இருந்தால் அந்தத் திட்டம் பார்க்க வேண்டிய இடம். மூலம் நாட்டைவிட்டுப் போகாது. படியெடுத்துப் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள்.

அண்ணே, சுற்றிலும் செம்பனைக் கம்பெனிகள்தான். நேரே போய்க் கேட்டால் என்ன?

போகலாம், ஆனால் பணம் கேட்டுப் போகாதே தம்பி. தோட்ட நிர்வாகி கையில் ஆய்வுக்கென்று பணம் இருக்காது. அவரிடம் இருப்பது பிரச்சினை. அதைக் கேட்டு வா.

கனோடெர்மா பூஞ்சையால் அடித்தண்டு அழுகி மரம் சாய்வது அவருக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம். எலி குலையைக் கடிப்பது, அதற்காக வைத்த கூண்டில் ஆந்தை தங்காதது, ஆலைக் கழிவுநீர்க் குளத்திலிருந்து கிளம்பும் மீத்தேன், உயர்ந்த மரத்தில் குலை அறுக்க ஆள் கிடைக்காதது. ரப்பர் தோட்டம் என்றால் இலையுதிர்வு நோய். இவற்றில் உங்கள் துறை எதையாவது தொட்டால் பேச்சு தொடங்கும்.

ஒரு முறை ஒரு விரிவுரையாளரோடு நானும் போனேன். நாற்பது ஸ்லைடு. மரபணு வரிசை, வண்ண வண்ண வரைபடம். நிர்வாகி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: "எலி குறையுமா?" எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. அடுத்த முறை ஒரே பக்கம் கொண்டுபோனோம்: இன்று எத்தனை குலை கடிபடுகிறது என்று எப்படி எண்ணுவோம், ஓராண்டு கழித்து அதே எண்ணிக்கையை எப்படி ஒப்பிடுவோம், உங்கள் ஆட்களின் நேரம் வாரத்தில் எவ்வளவு வேண்டும். பணம் அன்றும் வரவில்லை. நிலத்தைப் பயன்படுத்த அனுமதிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் பின்னிணைப்பாக வைத்துத்தான் வேறொரு இடத்தில் மானியம் கிடைத்தது.

பெரிய தோட்டக் கம்பெனிகளுக்குச் சொந்த ஆய்வுப் பிரிவு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. தெலுக் இந்தான் பக்கம் 1906இலிருந்து இருக்கும் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் போன்றவை விஞ்ஞானிகளை வேலைக்கே வைத்திருக்கின்றன. உங்களை மதிப்பிடப் போவது அவர்கள்தான். அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போங்கள். அவர்கள் கையில் இல்லாத கருவியோ திறமையோ உங்களிடம் இருந்தால் மட்டுமே உங்களுக்கு அங்கே வேலை. செம்பனைக்கு மலேசியச் செம்பனை வாரியமான எம்.பி.ஓ.பி., ரப்பருக்கு 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் வழிவந்த ரப்பர் வாரியம் என்று தொழிலிலிருந்து வசூலாகும் தீர்வையில் நடக்கும் ஆய்வும் தனியே உண்டு.

கம்பெனிக்கு இதில் வரிச் சலுகை உண்டா?

உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போனால் மதிப்பார்கள். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால், நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு 34பி பிரிவில் இரட்டைக் கழிவு, அதாவது கொடுத்ததைப்போல் இரு மடங்கைக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எந்த அங்கீகாரம் இருக்கிறது என்று உங்கள் நிதிப் பிரிவில் முதலில் கேளுங்கள். இல்லாத சலுகையைச் சொல்லிவிட்டால் அந்த வாசல் அதோடு மூடிவிடும்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், உங்கள் கையில் இருப்பது நன்கொடையா, ஆய்வு ஒப்பந்தமா? நன்கொடைக்குப் பதிலாக அவர்களுக்கு நன்றியும் ஓர் அறிக்கையும் போதும். ஒப்பந்தம் என்றால் முடிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உடனே வந்துவிடும்.

வெளியிடும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டுரையை முன்கூட்டியே பார்க்க வேண்டும், காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஒன்றிரண்டு மாதம் அவகாசம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம். "எங்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது" என்ற வரி நியாயமில்லை. ஏற்கெனவே நீங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தவை உங்களுடையவை என்று தனியே எழுதுங்கள்.

மாணவர் இருந்தால் இன்னும் கவனம். முதுகலை மாணவியின் ஆய்வேடு முழுக்க ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குள் போய், வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளரிடம்கூடக் காட்ட முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தைப் படித்து முத்திரை குத்தியவன் நான்தான். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது, என் கண்ணில் படவில்லை. அவளுக்கு எட்டு மாதம் வீணானது. ஆய்வேடும் அதன் தேர்வும் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்று ஒரு தனி வரி இல்லாமல் இப்போது எதையும் நான் தாண்ட விடுவதில்லை.

நிர்வாகச் செலவு என்று பல்கலைக்கழகம் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறதே?

எடுக்கும். மின்சாரமும் கணக்காளரும் இலவசமில்லை. ஆனால் வென்னர்-கிரென் மாதிரிச் சில அறவாரியங்கள் அந்தப் பங்கைத் தருவதே இல்லை. அப்படியென்றால் அந்த விதியை அச்சிட்டு, விண்ணப்பிக்கும் முன்பே ஆய்வு அலுவலகத்தில் விலக்குக் கடிதம் வாங்குங்கள். பணம் வந்தபின் கேட்டால் சண்டைதான்.

முதல் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பக்கம். என்னிடம் வரும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குகின்றன: "எமது ஆய்வுக்குழு பல ஆண்டுகளாக எலி ஒழிப்புத் துறையில் அனுபவம் வாய்ந்தது." நான் திருத்துவது இப்படி: "இந்தத் தோட்டத்தில் 20 கூண்டுகளில் எத்தனையில் ஆந்தை தங்குகிறது, அந்த வட்டாரத்தில் குலைச் சேதம் குறைகிறதா என்று 12 மாதம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்." இரண்டாவது வாக்கியத்தைப் படித்தவருக்கு யார், எங்கே, எவ்வளவு காலம் என்று தெரிந்துவிட்டது. பிறகு ஏன் இவர்களிடம் கேட்கிறீர்கள் என்பதற்கு ஒரு பத்தி. இங்கேதான் போன வருஷ நோட்டு வேலை செய்யும்: "நீங்கள் முன்பு ஆதரித்த இன்ன ஆய்வு நின்ற இடத்திலிருந்து இது தொடங்குகிறது." கேட்கும் தொகை. அவ்வளவுதான். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். இரண்டாவது முறை வேண்டாம்.

நான் சின்னத் தனியார் கல்லூரியில் இருக்கிறேன். பெயரில்லாத ஆளுக்கு யார் தருவார்?

பெரிய பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரோடு துணை ஆய்வாளராகச் சேருங்கள். ஆனால் வரவு செலவில் உங்கள் பங்கு தனி வரியாக இருக்கட்டும். ஊரும் ஆட்களும் மொழியும் உங்களுக்குத் தெரியும் என்பது சின்னத் தகுதி இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து தமிழில் பேட்டி எடுக்கக்கூடியவரை அவர்களும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த நிறுவனப் பணத்தையும் வாங்கலாமா?

புகையிலைப் பணம் வேண்டாம். அதை வாங்கியவர்களுக்குக் கதவைச் சாத்தும் சுகாதார அறவாரியங்கள் பல உண்டு. மற்றதை உங்கள் மனசாட்சியிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

பணம் கிடைத்தாயிற்று. உடனே வேலையைத் தொடங்கலாமா?

அனுமதிகளைப் பாருங்கள். செடி, பூஞ்சை, விலங்கு மாதிரி எடுத்தால் 2017ஆம் ஆண்டின் உயிரியல் வளங்கள் அணுகல், பயன்பகிர்வுச் சட்டம், அதாவது 795ஆம் சட்டம், 2020 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. மாதிரி வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகப் போகிறது என்றால் இது இன்னும் முக்கியம். சுகாதார அமைச்சின் மருத்துவமனை அல்லது கிளினிக்கில் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். இவற்றுக்கான மாதங்களையும் கால அட்டவணையில் சேர்த்துக் கேளுங்கள்.

நம் சமூகமே ஓர் ஆய்வு அறவாரியம் தொடங்க முடியாதா?

முடியும். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். தோட்டமே வாங்கியவர்களால் மானியம் கொடுக்க முடியாதா என்ன? 1952ஆம் ஆண்டின் அறங்காவலர் சட்டத்தின்கீழோ, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகவோ பதியலாம். வரி அங்கீகாரம் தனியே கேட்க வேண்டும். ஆனால் நான் கண்ட கூட்டங்களில் தலைவர் யார் என்பதற்கு இரண்டு மணி நேரமும், எதற்குக் கொடுப்பது என்பதற்குப் பத்து நிமிடமும் ஆகிறது. அது தலைகீழானால் என்னையும் கூப்பிடுங்கள்.

கடைசி நாள் என்பது எந்த நாட்டுக் கடைசி நாள்?

லண்டனில் மாலை 5 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12 அல்லது 1 மணி, பருவத்தைப் பொறுத்து. நியூயார்க்கில் மாலை 5 என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 5 அல்லது 6. ஆனால் உங்கள் ஆய்வு அலுவலகம் தனக்கென்று ஒரு கடைசி நாள் வைத்திருக்கும், பெரும்பாலும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்னால். கையெழுத்துப் போட வேண்டியவர் அன்று வெளியூரில் இருப்பார்.